வலப்பக்கத்து ஆள்

அர்மான் ஜெர்வேயின் ஆசை முழுவதும் ஒரு நாற்காலியின் மேல்தான் இருந்தது. பென்ஹாலோ ரிவால்வர் ஆலையின் இரண்டாவது மாடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், தோல் கிழிந்து பஞ்சு எட்டிப்பார்க்கும் நாற்காலி அது. ஆலை சூப்பிரண்டு உட்காரும் இடம். அதில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த கிழவர் 1967 ஈஸ்டரோடு வீட்டுக்குப் போகப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அடுத்து உட்காரப் போவது கடைசிச் சோதனைப் பிரிவின் ஃபோர்மேனான தான்தான் என்று அர்மான் தன் மனைவியிடம் சொல்லிவிட்டான், பாதிரியாரிடம் சொல்லிவிட்டான், முடிவெட்டுகிறவனிடமும் சொல்லிவிட்டான். இத்தனை பேரிடம் சொன்ன பிறகு கிடைக்காமல் போனால் வெளியே தலைகாட்ட முடியாது.

ஆலையை இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒஹையோக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். குளியலறைக் குழாய் செய்து பெரிய ஆளானவர்கள். அவர்கள் அனுப்பிவைத்த மேலாளர் ஹேவர்காம்ப் ஒரு ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வாசலைத் தாண்டிப் போகிறது என்பது மட்டும்தான் அவர் கேட்கிற கேள்வி. அரத்தால் ராவிப் பாகங்களைப் பொருத்துகிற ஆட்கள் முப்பது பேர் இருந்த இடத்தில் பதினொரு பேரை வைத்தார். மாதம் ஒருமுறை மாற்றிய இயந்திர வெட்டுப் பற்களை உடைந்த பிறகு மாற்றினால் போதும் என்றார். குழாய் ஒழுகினால் அடியில் வாளி வைக்கலாம். ரிவால்வர் ஒழுகினால் என்ன வைப்பது என்று அவரிடம் கேட்கத் துணிந்த ஆள் இல்லை.

ரிவால்வர் ஒழுகும். ஆறு தோட்டாவுக்கு ஆறு அறை கொண்ட உருளை அதில் இருக்கிறது. பின்பக்கம் சுத்தி போல நிற்கும் குதிரையைப் பின்னால் இழுக்கும்போது உருளை திரும்பி, ஒரு அறை சரியாகக் குழலுக்கு நேரே வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மயிரிழை முன்னதாக நின்றுவிட்டாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசும். சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் பறக்கும். சுடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் நிற்கிறவன் பாடுதான் திண்டாட்டம்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கிடையாது, கட்டைவிரல்தான். உருளையின் மேல் விரலை அழுத்திக்கொண்டு குதிரையை மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். ஆறு அறையும் பூட்டினால், பிடியின் மரத்தைக் கழற்றி உள்ளே உலோகத்தில் சோதித்தவன் தன் எண்ணை அடிப்பான். பூட்டாவிட்டால் சிவப்புச் சீட்டு. வேகமாக இழுத்தால் உருளை ஓடிய வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும். கெட்டதும் நல்லது மாதிரி நடிக்கும். அந்த நடிப்பில் ஏமாறுவதற்குக் கடைசிச் சோதனையில் பலர் பழகிக்கொண்டார்கள், ஏனென்றால் ஹேவர்காம்ப்புக்கு அது பிடித்திருந்தது.

பழகிக்கொள்ளாதவன் ஒருவன் இருந்தான். தியோஃபில் வோய்தாஷ், ஒன்பதாம் எண் முத்திரைக்காரன். அர்மானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அர்மான் கல்யாணத்தில் மோதிரம் எடுத்துக்கொடுத்தவன் தியோஃபில்தான். அர்மானின் ஒரே மகள் லூசியெனை ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவன்தான். அதற்காக அவனைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். வீம்பு பிடித்தவன். மத்தியானம் வெங்காயமும் சாசேஜும் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே பக்கத்து மேசைக்காரன் வேலையில் குறை சொல்லுவான். அவனோடு சேர்ந்து சாப்பிட ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆனால் நூறு ரிவால்வர் அவன் மேசைக்குப் போனால் முப்பது சிவப்புச் சீட்டோடு திரும்பி வரும். ஹேவர்காம்ப்பின் சுவரில் தொங்கிய வரைபடத்தில் கடைசிச் சோதனையின் கோடு ஏறாமல் படுத்திருந்ததற்குக் காரணம் அந்த ஒரு கட்டைவிரல்.

அர்மான் முதலில் நயமாகத்தான் பேசிப் பார்த்தான். ஊரே ஒரு பக்கம் போகும்போது நீ மட்டும் ஏன் முறைத்துக்கொள்கிறாய், இது எனக்கு நல்ல நேரம், கெடுத்துவிடாதே என்று கேட்டான். தியோஃபில் ரொட்டியை மென்று முடித்தான்.

"என் விரலு சொல்றதத்தான் நான் சொல்றேன். உனக்கு வேற பதில் வேணும்னா வேற விரலப் பாத்துக்க."

அர்மான் வேறு விரலைத் தேடவில்லை. இந்த விரலையே கெடுப்பது என்று முடிவு செய்தான்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை தியோஃபில் திருப்பி அனுப்பிய குவியலிலிருந்து ஒன்றை எடுத்தான். எண் 417-ல் முடிகிற துப்பாக்கி. ஆறு அறையில் ஒன்று மட்டும் பூட்டவில்லை. சிவப்புச் சீட்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தொடாமல், ராவாமல், மறுநாள் காலைக் குவியலில் நடுவே செருகிவைத்தான். செவ்வாயன்றும் சிவப்புச் சீட்டு. புதன், வியாழன் இரண்டு நாளும் அதே. நான்கு சீட்டும் தியோஃபிலின் சாய்ந்த கையெழுத்தில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு அர்மானின் பையில் கிடந்தன. அந்த விரலின் நேர்மைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அர்மானுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

வெள்ளியன்று காலையில் தியோஃபிலின் மேசைக்கு அடியில் ஓடிச் சூடு கொடுத்த நீராவிக் குழாயின் திருகை அர்மான் மூடிவிட்டான். பழுது பார்க்கிறார்கள் என்று சொன்னான். வெளியே ஆறு உறைந்திருந்தது. சங்கு ஊதக் கால் மணி நேரம் இருக்கும்போது, நாள் முழுக்கக் குளிர்ந்த இரும்பைத் தொட்டு விறைத்துப்போன கையில் ஐந்தாவது தடவையாக 417 வந்து சேர்ந்தது. தியோஃபில் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டான். அழுத்தினான், இழுத்தான். முத்திரையை அடித்தான்.

அர்மான் அதற்காகத்தான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். எல்லாரையும் கூப்பிட்டான். இருபது பேர் வட்டமாக நிற்க, நான்கு சீட்டையும் சீட்டாட்டத்தில் போடுவதுபோல ஒவ்வொன்றாக மேசையில் போட்டு எண்ணைப் படித்தான். பிறகு துப்பாக்கியின் எண்ணைப் படித்தான்.

"நாலு நாளு கெட்டுப்போயிருந்துச்சு, அஞ்சாவது நாளு குணமாயிடுச்சு. உன் விரலுக்குள்ள மாதாவே இறங்கியிருக்காங்கப்பா தியோ. நாளைக்கு என் முட்டிவலிக்கும் கொஞ்சம் தொட்டுவிடு."

சிரிப்பு கூரையைத் தொட்டது. ரொட்டி தின்றபடியே குறை சொன்ன ஆளுக்கு வேண்டியதுதான் என்று சிலர், வேலை போய்விடுமே என்று சிலர், ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு சிரித்தார்கள். தியோஃபில் 417-ஐ மறுபடி எடுத்தான். விரலைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அழுத்திப் பார்த்தான். இது கெட்டது, இப்பவும் கெட்டதுதான் என்று மெல்லச் சொன்னான்.

"முத்திரை யாரோடதுப்பா?" என்றான் அர்மான்.

திங்கட்கிழமை முதல் தியோஃபிலுக்குப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் வேலை. கடைசிச் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தேறின. வரைபடத்தில் கோடு ஜிவ்வென்று ஏறியது. அர்மான் 417-ஐத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டான். யாராவது வந்தால் எடுத்துக் காட்டிக் கதை சொல்லிச் சிரிப்பான்.

மார்ச் மாதம் மேற்கே ஒரு மாநிலப் போலீசுக்கு அறுநூறு ரிவால்வர் போக வேண்டியிருந்தது. அதை வாங்கிப்போக டீக் என்கிற கேப்டன் ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. தொழிலாளிகள் வீட்டுக்குப் போயாகிவிட்டது. நீராவியும் நின்றுவிட்டது. அர்மான் இழுப்பறையைத் திறந்தான். 417-இன் மேல் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்து, எண்ணெய்த்தாளில் சுற்றி, காலையில் ஆணி அடிக்க வேண்டிய கடைசிப் பெட்டியில் கடைசியாக வைத்தான். அறுநூறில் ஒன்றை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

பென்ஹாலோவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெரிய ஆர்டர் போகும்போது வாங்குகிறவர் முன்னால் ஒரு துப்பாக்கியை ஆறு முறை சுட்டுக்காட்ட வேண்டும். சுடுகிறவனுக்கு வலப்பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், உருளைக்கு நேராக ஒருவர் நிற்க வேண்டும். எங்கள் துப்பாக்கி துப்பாது என்று காட்டுவதற்கு. முதன்முதலில் ஆலையை நிறுவியவர் தன் மனைவியையே நிற்கவைத்தாராம். இறகு வைத்த தொப்பியோடு அந்த அம்மாள் சுடுமிடத்துச் சுவரில் படமாகத் தொங்குகிறாள். அவளுக்குப் பிறகு, எந்தச் சோதனையாளனின் முத்திரை துப்பாக்கியில் இருக்கிறதோ அவன் நிற்பது என்று ஆயிற்று. கண்ணுக்குக் கண்ணாடி போடக் கூடாது. முத்திரை விழுந்த துப்பாக்கியை வாங்குகிறவர் முன்னால் மறுபடி விரல் வைத்துச் சோதிக்கவும் கூடாது. அது வீட்டுக்காரனே வீட்டுச் சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி.

கேப்டன் டீக் உயரமானவர், மெல்லப் பேசுகிறவர். வெல்வெட் துணியில் பளபளவென்று வைத்திருந்த துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை.

"எங்கப்பா ஆப்பிள் வித்தவரு. மேல இருக்கறத நான் எப்பவும் எடுக்கறதில்ல. கடைசியா ஆணி அடிச்ச பெட்டியத் திறங்க. அதுல கடைசியா வச்சத எடுங்க."

பெட்டியைத் திறக்க வந்தவன் ஆணி அடித்தவனேதான். தியோஃபில் பலகையை நெம்பினான், எண்ணெய்த்தாளைப் பிரித்தான், எண்ணைப் பார்த்தான். பிறகு அர்மானைப் பார்த்தான். பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

"ஒன்பது. என்னோட முத்திரை" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்து, வலப்பக்கத்தில் போய் நின்றான்.

சுடப்போகிறவன் அர்மான். அவனுக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. வேகமாக இழுத்தால் அந்த அறையும் பூட்டிக்கொள்ளும். அர்மான் அதைத்தான் நம்பினான். ஆனால் கேப்டன் பின்னாலிருந்து, குதிரையை மெதுவாக இழுங்கள், ஒவ்வொரு தடவையும் மெதுவாக, என் பையன்களில் பாதிப் பேர் அப்படித்தான் இழுப்பார்கள் என்றார். ஹேவர்காம்ப் புன்னகையோடு தலையாட்டினார். ஈஸ்டருக்குப் பதினேழு நாள் இருந்தது.

தியோஃபில் உதட்டை அசைக்காமல் பேசினான். "சொல்லிடு அர்மான். இது சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"நேரா நில்லு" என்றான் அர்மான்.

நகர்ந்துபோக தியோஃபிலுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் நகர்ந்தால் தன் முத்திரை பொய் என்று தானே இருபது பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். அந்தச் சிரிப்பை இரண்டாவது தடவை கேட்க அவனால் முடியாது. அர்மான் அதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தான். ஒருவனை முப்பது வருஷம் தெரிந்து வைத்திருப்பதன் பலன் இப்படியும் இருக்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் சுத்தமாகப் போயின. ஐந்தாவதில் குதிரை பின்னால் வந்து நின்றபோது 'டிக்' கேட்கவில்லை. அர்மானின் விரலுக்கு அது தெரிந்தது. விசையை அழுத்தினான்.

தியோஃபில் கத்தவில்லை. செருப்புக்கு வார் கட்ட உட்காருகிறவனைப் போல நிதானமாகக் கீழே உட்கார்ந்து, முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்து முழங்கை வழியாகச் சொட்டியது. யாரோ துணிக்கு ஓடினார்கள். யாரோ டாக்டருக்கு ஓடினார்கள். அர்மான் ஓடியது திருப்புளிக்கு. பிடியின் மரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த ஒன்பதைக் கேப்டனின் முகத்துக்கு நேரே காட்டினான். விரல் செத்துப்போன ஆள், அதனால்தான் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினேன், மாற்றுவதற்கு முன்னால் செய்த வேலையில் இது ஒன்று தப்பி வந்துவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னான். வேண்டுமானால் மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் மறுபடி சோதித்துத் தருகிறேன் என்றான்.

கேப்டன் அவனை வெகுநேரம் பார்த்தார். சரி, செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். அர்மான் பெட்டிகளைத் திறந்து, எண்ணெய்த்தாளை மாற்றி, மறுபடி மூடவைத்தான். துப்பாக்கிகள் அப்படியே போயின. இக்கட்டான நேரத்தில் நிதானம் தவறாத மனிதர் என்று ஹேவர்காம்ப் ஒஹையோவுக்கு எழுதினார். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அர்மான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் காரியமாகத் தோலைத் தைக்கச் சொன்னான்.

தியோஃபிலின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் கண்ணாடிக் கண்ணோடு வந்து நின்றான். அவன் இருந்த வருஷங்களுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று தொழிற்சங்கம் சொல்லியது. அர்மான் அவனைப் பழைய மேசைக்கே அனுப்பினான். பார்க்கிறதுக்குக் கண்ணு எதுக்கு, விரல்தானே வேணும் என்று அவன் சொன்ன நகைச்சுவை அன்று மாலைக்குள் ஆலை முழுக்கச் சுற்றிவந்தது.

தியோஃபில் பழைய இடத்தில் உட்கார்ந்தான். எடுத்தான், முத்திரை அடித்தான், வைத்தான். குதிரையை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை. நூற்றுக்கு நூறு. வரைபடத்தின் கோடு தாளின் மேல்விளிம்பைத் தொட்டது. அர்மான் ஒரு நாள் மேலே இருந்து இறங்கிவந்து அவன் முதுகில் தட்டி, இப்பதாம்பா வேலை கத்துக்கிட்டிருக்க என்றான். சோதிக்கிறவனே சோதிக்காத ஆலையில் மற்றவர்கள் மட்டும் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? ராவுகிறவன் ராவுவதை விட்டான். பல ஊர்ப் போலீசிடமிருந்து கடிதங்கள் வந்தன. அர்மான் அவற்றைப் படிப்பான், நாலாக மடிப்பான், குப்பைக்கூடையில் போடுவான்.

மறு வருஷம் ஏப்ரலில் கேப்டன் டீக் திரும்பி வந்தார். இந்த முறை நான்காயிரம். அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. விலை மலிவு என்று அவருக்கு மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் அவர் வேலை. கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். இந்த ஆர்டர் இல்லாவிட்டால் கோடையில் பாதி ஆலையை மூட வேண்டும் என்று ஹேவர்காம்ப் காலையில்தான் அர்மானிடம் சொல்லியிருந்தார். அப்படி மூடினால் முதலில் காலியாகும் நாற்காலி எது என்பதையும் சொல்லியிருந்தார்.

சுடுமிடத்தில் கேப்டன் வலப்பக்கத்துத் தரையைப் பார்த்தார். போன வருஷத்துக் கறை சிமெண்டில் இன்னும் போகவில்லை.

"இந்தத் தடவ இங்க யாரு நிக்கறது?"

யாரும் நிற்கப்போவதில்லை. சோதனையாளர்கள் எவரும் அங்கே நிற்கமாட்டார்கள் என்று சங்கம் எழுதிக்கொடுத்திருந்தது. அர்மான் அதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கினான். ஹேவர்காம்ப்புக்குப் பொறுமை இல்லை. கண்களை அங்குமிங்கும் ஓட்டியவர், சுவரில் இறகுத் தொப்பியோடு இருந்த அம்மாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம நிறுவனர் பெண்டாட்டியையே நிக்கவச்சாரு. ஜெர்வே, உங்க பொண்ணு நம்ம ஆபீஸ்லதான டைப் அடிக்கிறா? கூப்பிடுங்களேன். நம்ம பொருள் மேல நமக்கு இருக்கற நம்பிக்கைக்கு இதவிட என்ன வேணும்?"

அர்மான் ஆபீசுக்கு ஆள் அனுப்பினான். மறுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

லூசியென் சிரித்துக்கொண்டே வந்தாள். இருபது வயது, ஜூனில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கூப்பிட்டார்கள் என்பதே அவளுக்குப் பெருமை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடும்மா, இங்கே அது வழக்கமில்லை என்று ஹேவர்காம்ப் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவள் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அப்பாவைப் பார்த்தாள்.

கேப்டன் பழைய பல்லவியைத்தான் பாடினார். கடைசிப் பெட்டி, கடைசித் துப்பாக்கி. முத்திரைக்காரன் கையாலேயே எடுத்துக் கொடுக்கட்டும் என்றார். பிடியைக் கழற்றினார்கள். ஒன்பது. தியோஃபில் முன்னால் வந்து துப்பாக்கியை எடுத்து அர்மானிடம் நீட்டினான். கண்ணாடிக் கண் ஒரு பக்கமும் நல்ல கண் ஒரு பக்கமும் பார்த்தன.

அர்மான் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "தியோ. இத நீ பாத்தியா?"

"முத்திரை இருக்கே."

"பாத்தியான்னு கேக்கறேன்."

"முத்திரை யாரோடதுன்னு பாருங்க, சூப்பிரண்டு."

தியோஃபில் பின்னால் போய் நின்றுகொண்டான். அர்மான் சுடுமிடத்துக் கோட்டில் நின்றான். அந்த உருளையின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை வைக்க முடியவில்லை. நூற்றுக்கு நூறு என்று எட்டு மாதமாகத் தொடாமலே முத்திரை குத்தியவனின் முகம் அவனுக்குத் தெரியும். கண் போன ஒருவன் என்ன செய்வான் என்று யோசித்தான். தான் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தான். அதுதான் வினையாயிற்று. அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் நன்றாகத் தெரிந்திருந்தது.

"மெதுவா இழுங்க" என்றார் கேப்டன்.

லூசியென் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் சுடுங்கப்பா, கை வலிக்குது" என்றாள்.

குதிரை பாதி வரை வந்தது. உருளை நகர ஆரம்பித்தது. அர்மான் அவள் கண்களைப் பார்த்தான். சிறுவயதிலிருந்தே லேசாக மாறுகண். குதிரையைத் திரும்ப இறக்கினான். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றான். இதை நான் சுடமாட்டேன் என்றான்.

ஹேவர்காம்ப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேப்டன் கையமர்த்தி, ஏன் என்று கேட்டார்.

"பக்கத்துல என் பொண்ணு நிக்கறா."

"போன வருஷமும் ஒரு ஆளு நின்னாரே" என்றார் கேப்டன்.

அவர் பெண்ணைத் தோளைப் பிடித்து நகர்த்தி, அவள் நின்ற இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, அதன் முதுகில் வெள்ளைத்தாளை ஒட்டினார். உருளையில் விரலை அழுத்தி, ஆறு அறையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். டிக், டிக் என்று ஆறும் பூட்டின. ஆறு தோட்டா போட்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுத்து, ஆறும் சுட்டார். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"பத்து வருஷத்துல இவ்வளவு நல்ல ரிவால்வர் நான் கையில எடுத்ததில்ல. இதச் சுடவே உங்க சூப்பிரண்டுக்குத் தைரியம் இல்ல. மிச்சம் இருக்கறதப் பத்தி அவரவிட எனக்கு நல்லாத் தெரியவா போகுது" என்றார். கையெழுத்துப் போடாமலே பேனாவின் மூடியை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். ஹேவர்காம்ப் வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினார்.

தியோஃபில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அர்மான் அவன் அருகில் போனான். நல்லது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"கடைசிப் பெட்டில இருக்கறதத்தான் எடுப்பாருன்னு தெரியும். யாரு நிப்பாங்கன்னு தெரியாது. எவன் நின்னாலும் கண்ணு போகக்கூடாதேன்னு மூணு நாளு தேடினேன். ஒன்னுகூடத் தேறல. கடைசில நானே ஒன்ன ராவிச் சரிபண்ணி அங்க வச்சேன்." துணியை மடித்தான். "சொல்லியிருக்கலாந்தான். ஒரு வார்த்தைதானே. அன்னிக்கு நானும் அதத்தான் கேட்டேன்."

லூசியென் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. தரையிலிருந்த கறையைப் பார்த்தாள், ஞானத்தகப்பனின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தாள், பிறகு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, அன்னிக்கு தியோ மாமா இங்க நின்னப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான் அர்மான்.

"அப்ப தெரியும்" என்றாள் அவள்.

நாற்காலி அந்த வாரமே போயிற்று. அர்மானைப் பெட்டிக்கு ஆணி அடிக்க அனுப்பினார்கள், கோடையில் அந்த வேலையும் போயிற்று. அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். ஜூன் மாதக் கல்யாணத்தன்று லூசியென் தியோஃபிலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோவிலுக்குள் நடந்து வந்தாள். அவனுக்குப் பார்வை இல்லாத பக்கத்தில், அவன் இடித்துக்கொள்ளாதபடி, மெதுவாக நடத்திக்கொண்டு வந்தாள். அர்மானுக்கு வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள்.